ஏட்டில் இல்லாத புள்ளி

எழுத்தாளனாகப் பிழைப்பவனுக்குப் பல தண்டனைகள் உண்டு. தான் எப்போதோ எழுதியதைப் பிறர் படிக்கக் கேட்பது அவற்றில் கொஞ்சம் கடுமையானது. சென்ற தை மாதம் வாசுதேவநல்லூரில் அந்தத் தண்டனை எனக்குக் கிடைத்தது. விதித்தவள் என் அக்காள் மகள்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகிற சாலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாசுதேவநல்லூர். என் சிறு பிராயத்தில் அது திருநெல்வேலி ஜில்லா, சங்கரன்கோவில் தாலுகா. 2019 முதல் தென்காசி மாவட்டம். சிந்தாமணிநாதர் கோயில் கொண்டிருக்கும் ஊர். பக்கத்தில் பூலித்தேவரின் நெற்கட்டும்செவல். சுற்றிலும் எலுமிச்சைத் தோட்டங்கள். என் அக்காளை அங்கே 1973-ல் கட்டிக்கொடுத்தார்கள். அத்தானுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. எலுமிச்சைத் தோட்டத்தைக் குத்தகைக்குப் பிடித்து, காயைப் புளியங்குடிச் சந்தைக்கு அனுப்புவது அவர் தொழில்.

பொங்கலுக்கு வீட்டை ஒழித்து வெள்ளையடித்தபோது, பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியில் மருமகளுக்கு ஒரு பழைய பத்திரிகை அகப்பட்டிருக்கிறது. 1979-ஆம் வருஷத்து இதழ். அதில் என் கதை ஒன்று. கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். பாதிக் கதையில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"மாமா, இந்தக் கதையிலே வாரது எங்க அப்பாதானே?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அக்காள் வாசற்படியில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "வேற யாரு?" என்றாள்.

அது ஒரு ஹாஸ்யக் கதை. அதில் ஒரு மனிதன். தோட்டத்தில் வேலை மும்முரமாக நடக்கிற சமயம் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சுருண்டு படுத்துவிடுவான். கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிடுவான். சாப்பிட்டு எழுந்ததும், அடுத்த பந்திக்குப் பரிமாறக் கூப்பிடுவார்களே என்று, கச்சிதமாக வலி வந்துவிடும். முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு முன்புறம் குனிந்து உட்கார்ந்திருப்பான். "பிள்ளையாரைக் கவிழ்த்து வைத்தாற்போல" என்று ஓர் உவமை வேறு எழுதியிருந்தேன். பத்திரிகைக்கு வாசகர் கடிதங்கள் வந்தன. எல்லோரும் சிரித்ததாகத் தெரிவித்தார்கள்.

அத்தானும் படித்தார். சிரித்தார். "என்ன மாப்ளே, நம்மளை ஊர் பூரா சந்தி சிரிக்க வச்சிட்டீரே" என்று முதுகில் தட்டினார். புளியங்குடிக்குப் போனபோது இன்னும் இரண்டு பிரதி வாங்கிவந்து வைத்துக்கொண்டார். டிரங்குப் பெட்டியில் இருந்தது அவற்றில் ஒன்று.

சாப்பிட்டபின் வருகிற வலி. குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தணிகிற வலி. முதுகுக்கு ஓடுகிற வலி. கணையம் என்னும் உறுப்பு புண்பட்டிருப்பதற்கு வைத்தியர்கள் இன்றும் சொல்கிற அடையாளங்கள் இவைதாம். வைத்தியப் புத்தகத்தில் இருக்க வேண்டிய லட்சணங்களை ஒன்றுவிடாமல் கவனித்து, நான் ஹாஸ்யக் கதையில் எழுதியிருந்தேன். கண் நன்றாக இருந்தது. புத்திதான் போதவில்லை.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குக் கிடக்கிறது. கையால் தொட்டுப் பார்க்க அகப்படாத இடம். அதற்கு இரண்டு உத்தியோகம். சாப்பாட்டை ஜீரணிக்கும் நீரைச் சுரப்பது ஒன்று. இரத்தத்தில் சர்க்கரையை அடக்கும் இன்சுலினைச் சுரப்பது மற்றொன்று. அந்த ஜீரண நீர் குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலை செய்ய வேண்டும். கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே ஜீரணிக்கத் தொடங்கிவிடும். வீட்டைக் காக்க வைத்த நாய் வீட்டுக்காரனைக் கடித்த கதை.

உஷ்ணப் பிரதேசங்களில், குடிப்பழக்கமே இல்லாத ஏழைக் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இப்படிக் கணையம் வெந்து, உள்ளே கற்கள் உண்டாகிற ஒரு நோய் இருக்கிறது. 1959-ல் ஜாவாவில் ஸைடமா என்ற டச்சு டாக்டர் அதைப் பற்றி எழுதினார். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பார்த்து 1968-ல் ஒரு புத்தகமே போட்டார். சென்னையில் டாக்டர் மோகன் முதலியவர்கள் பல வருஷங்கள் இதை ஆராய்ந்தார்கள். நோயின் போக்கு மூன்று படிகள்: பால்ய வயதில் வயிற்றுவலி, வாலிபத்தில் நீரிழிவு, அதற்கப்புறம் ஆயுள் குறைவு. மரவள்ளிக்கிழங்கு சாப்பிடுவதால் வருகிறது என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். கிழங்கையே தொடாதவர்களுக்கும் வந்ததால் கிழங்கின் மேல் போட்ட வழக்கு நிற்கவில்லை.

அத்தான் அந்த மூன்று படிகளிலும் ஒழுங்காக ஏறினார். ஒன்பது வயதில் வலி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறான் என்று வாத்தியார் பிரம்பை எடுத்திருக்கிறார். இருபத்தாறு வயதில் சர்க்கரை. மெலிந்த உடம்பில் சர்க்கரை வியாதியா என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். 1996-ல் கண் மஞ்சளாயிற்று. காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எக்ஸ்ரேப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்பின் இரு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் கற்கள், சோழிகளை வாரி இறைத்தாற்போல. "இது எத்தனை வருஷமாக இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். பதினேழு வருஷத்துக்கு முன்பே அச்சில் போட்டவன் ஆயிற்றே!

ஆனால் அன்று அவரைக் கொல்ல வந்தது கல் அல்ல. கணையத்தின் தலைப்பக்கத்தில் புற்றுநோய். நாற்பத்தேழு வயதில் அத்தான் போய்விட்டார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1994-ல், சாரி, மோகன், பிச்சுமோனி முதலிய டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டிருந்தார்கள். இந்தக் கல் நோய் உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 100 மடங்கு என்று அதில் கண்டிருந்தது. சென்னையில் பார்த்த நோயாளிகளை வைத்துச் செய்த கணக்கு அது. சென்னையிலிருந்து வாசுதேவநல்லூருக்கு எலுமிச்சை லாரி ஒரே இரவில் வந்துவிடும். அந்தச் செய்தி வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்திருப்போம் என்பது வேறு விஷயம்.

ஊரார் காரணம் கண்டுபிடிப்பதில் டாக்டர்களைவிடச் சமர்த்தர்கள். "பீடி குடிச்சான்லா!" என்றார் ஒருவர். "பூர்வ ஜென்ம பாவம்" என்றார் இன்னொருவர். "தலையெழுத்து" என்று முடித்தாள் அத்தானின் தாயார். முப்பது வருஷங்களுக்கு அப்புறம் அந்தக் கடைசி வார்த்தைதான் மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது.

கதையை மூடி வைத்துவிட்டு மருமகள் கேட்டாள்: "வார ஆவணியிலே எனக்கு நாப்பத்தேழு முடியுது மாமா. அப்பா போன வயசு. எனக்கும் அதுதான் தலையெழுத்தா?"

அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு பிள்ளைகளின் தாய். கூடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். "சீச்சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று சொல்லி நான் தப்பித்திருக்கலாம். அவள் அப்பாவின் வலியைப் பார்த்துச் சிரித்தவன், மகளின் பயத்தையும் பேசித் தள்ளிவிடக் கூடாது என்று தோன்றிற்று. "கொஞ்சம் படித்துவிட்டுச் சொல்கிறேன் தாயி" என்றேன். சென்னைக்குத் திரும்பி, தெரிந்த டாக்டர் ஒருவரைத் தொந்தரவு செய்து, இரண்டு மாதம் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு அத்தானின் ஓலை ஏடுகள் ஞாபகத்துக்கு வந்தன.

அத்தானின் பாட்டனார் நாட்டு வைத்தியர். அவர் வைத்துப்போன ஏட்டுக்கட்டுகள் நாலைந்து, வீட்டில் மஞ்சள் துணியில் சுற்றிக் கிடந்தன. அவற்றைப் படிக்க அத்தான் எனக்குக் கற்றுக்கொடுக்க முயன்றார். நான் இரண்டு வரியிலேயே தடுமாறினேன். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் அந்தக் காலத்தில் புள்ளியை விட்டே எழுதினார்கள். ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாது. படிக்கிறவன் இடம் பார்த்துப் புள்ளியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓரிடத்தில் நான் உரக்க, "கலவி" என்று படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்ளே, அது கல்வி! லகரத்துக்குப் புள்ளி வையும். புள்ளி மாறிச்சுன்னா குடியே மாறிப் போகும்வே!"

எழுத்துக்கள் அதே மூன்றுதாம். ஒரு புள்ளி இருந்தால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் பள்ளியறை.

நம் உடம்பின் ஏட்டுக்கு டி.என்.ஏ. என்று பெயர். நாலே எழுத்துக்களால், சுமார் 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்டது. அதில் ஏறக்குறைய 20,000 மரபணுக்கள். ஆச்சரியம் என்னவென்றால், கண்ணில் இருக்கிற செல்லிலும் கணையத்தில் இருக்கிற செல்லிலும் இருப்பது ஒரே ஏடுதான். அப்படியிருக்க, கண் ஏன் இன்சுலின் சுரப்பதில்லை? கணையம் ஏன் பார்ப்பதில்லை? ஏட்டின் எந்தப் பகுதியை வாசிக்கலாம், எந்தப் பகுதியை வாசிக்கக் கூடாது என்று ஒவ்வொரு செல்லிலும் தனித்தனியாக அடையாளம் இட்டிருக்கிறது. இந்த அடையாளங்களைப் பற்றிய சாஸ்திரத்துக்கு எபிஜெனெடிக்ஸ் என்று பெயர். அந்தச் சொல்லை 1942-ல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் வாடிங்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி. 'எபி' என்றால் கிரேக்க பாஷையில் 'மேலே' என்று பொருள். எழுத்துக்கு மேலே இருப்பது.

அப்படிப்பட்ட அடையாளங்களில் ஒன்று மீதைல் என்னும் ரசாயனத் துணுக்கு. ஒரு கரியணு, மூன்று ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான் அதன் உடம்பு. அது வந்து மரபணுவின் தொடக்கத்தில் எழுத்துக்களின்மேல் ஒட்டிக்கொண்டால் அந்த மரபணு பெரும்பாலும் வாய் மூடிவிடும். தமிழ்ப் புள்ளி செய்கிற காரியமும் இதுதானே? அகரம் ஏறிய எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் உயிர் அடங்கி மெய் மட்டும் நிற்கிறது. இன்னொரு அடையாளம் நூல் சுற்றுகிற விதத்தில் இருக்கிறது. ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.யைப் பிரித்து நீட்டினால் இரண்டு மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்னும் உருண்டைகளில் கண்டு கண்டாகச் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இறுக்கிச் சுற்றிய இடத்தைச் செல்லால் வாசிக்க முடியாது. தளர்த்திய இடத்தை வாசிக்கலாம். தறி ஓடும் சங்கரன்கோவில்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புள்ளியின் வல்லமைக்குத் தேனீ ஒரு சாட்சி. ராணித் தேனீக்கும் வேலைக்காரத் தேனீக்கும் ஏடு ஒன்றே. புழுப்பருவத்தில் ராஜபோஜனமான ஒரு கூழை விடாமல் தின்றது ராணியாகிறது. மற்றது ஆயுள் முழுவதும் உழைத்துச் சாகிறது. 2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள், புழுக்களின் உடம்பில் புள்ளி வைக்கிற நொதியை அடக்கிப் பார்த்தார்கள். ராணிக்குரிய அந்தப் போஜனம் கிடைக்காமலே பெரும்பாலான புழுக்கள் ராணிகளாகிவிட்டன!

இனி, கணையத்துக்கு வருவோம். கணையப் புற்றுநோயில் முதலில் எழுத்துப் பிழை உண்டு. கே-ராஸ் என்னும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருப்பதை 100-க்கு 90-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் காணலாம். வண்டியின் விசை மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருப்பதற்குச் சமானம். ஆனால் வண்டிக்குப் பிரேக்கும் இருக்கிறதே? பி-16 என்று ஒரு பிரேக். இந்த நோயில் அது ஏறக்குறைய எல்லோரிடமும் கெட்டுப் போயிருக்கிறது. பலரிடம் அந்த மரபணுவே கிழிந்து போயிருக்கும், அல்லது எழுத்து மாறியிருக்கும். ஆனால் 1997-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், நூற்றுக்குப் பதினான்கு கட்டிகளில் மரபணு ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாமல் அப்படியே இருந்தது. தலையில் புள்ளி மட்டும் விழுந்திருந்தது. பிரேக் முழுசாக இருக்கிறது, பிடிக்கத்தான் இல்லை.

நோய் பரவுகிற விதம் இன்னும் விசித்திரம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், கணையப் புற்றுநோயால் இறக்கப் போகிறவர்கள் சிலர், தாங்கள் இறந்த சில மணி நேரத்துக்குள் தங்கள் உடலை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே சம்மதம் கொடுத்தார்கள். தனக்கு இனி ஒரு பலனும் இல்லை என்று தெரிந்து கொடுத்த தானம் அது. அந்த உடல்களில் கணையத்துக் கட்டியையும், ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய கட்டியையும் எடுத்து ஒப்பிட்டார்கள். பரவுவதற்கென்று புதிதாக ஓர் எழுத்துப் பிழை இருக்கும், அதைப் பிடித்துவிடலாம் என்று பலரும் எதிர்பார்த்திருந்தார்கள். ஃபைன்பெர்க் குழுவினர் 1917-க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட எழுத்துப் பிழை எதுவும் அகப்படவில்லை. மாறியிருந்தவை புள்ளிகளும் கண்டு சுற்றிய விதமும். அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, ஏட்டின் பெரும் பகுதிகளில் மாறியிருந்தன. அந்த மாறுதல், செல் சர்க்கரையைச் செலவழிக்கிற முறையோடு பிணைந்திருந்தது என்றும் கண்டார்கள்.

இவ்வளவும் ஆச்சரியத்தோடுதான் படித்தேன். அடுத்ததைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றேன்.

2021-ல் ஹூஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், எலிகளுக்குக் கணைய அழற்சியை உண்டாக்கினார்கள். பிறகு ஆறவிட்டார்கள். கணையம் பழையபடி ஆகிவிட்டது. பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் தழும்பு தெரியாது. நெடுநாள் கழித்து அதே எலிகளில் கே-ராஸ் பிழையை முடுக்கிவிட்டார்கள். முன்பு வலி கண்ட கணையத்தில் புற்று வெகு வேகமாக முளைத்தது. வலி காணாத கணையத்தில் அப்படி இல்லை. ஆறிப்போன பின்பும் செல்கள் பழைய புண்ணை மறக்கவில்லை. ஞாபகம் எழுத்தில் இல்லை. எழுத்துக்கு மேலே இருந்தது.

அந்த ஞாபகம் எதற்காக? அங்கேதான் என் மனம் கலங்கிற்று. மறுபடியும் அழற்சி வந்தால் ஜீரண நீர் தன்னைத் தின்றுவிடாமல் காத்துக்கொள்வதற்காகச் செல்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது. இரண்டாம் முறை அடி விழுந்தபோது அந்தக் கணையங்களுக்குச் சேதம் குறைவாகவே இருந்தது. பிழைத்துக் கிடப்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடே பிற்பாடு எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டது.

எலியில் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்லிவிட முடியாது என்று டாக்டர் நண்பர் எச்சரித்தார். சரிதான். ஆனால் ஒன்பது வயதில் பிரம்படி வாங்கிய பையனின் கணையம், நாற்பத்தேழு வயது வரையில் எத்தனை தடவை வெந்து எத்தனை தடவை ஆறியிருக்கும்! நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த வருஷங்களில் அது ஒவ்வொன்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

பங்குனியில் திரும்பவும் ஊருக்குப் போனேன். அக்காள் கோயிலுக்குப் போயிருந்தாள். மருமகளை உட்கார வைத்து நான் படித்ததைச் சொன்னேன். கணக்கு டீச்சர் ஆனதால் குறுக்குக் கேள்விகள் போட்டாள்.

"அப்பாவோட புள்ளி எல்லாம் எனக்கும் வந்திருக்குமா?"

"வராது தாயி. குழந்தை கருவில் உண்டாகிற சமயத்தில் தாய் தகப்பன் வைத்த புள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுப் புதிதாக வைக்கப்படுகின்றன. உன் அப்பாவின் கணையம் பட்ட பாடு அவரோடு முடிந்தது."

"அப்ப எழுத்து?"

"எழுத்து வரலாம். இந்தக் கல் நோய்க்காரர்களில் பலருக்கு ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவில் ஒரு மாறுதல் இருக்கிறது என்று 2002-ல் ஹைதராபாத் விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஜீரண நீர் உள்ளேயே விழித்துக்கொள்ளாமல் காவல் காக்கிற மரபணு அது. உன் அப்பாவுக்கு அது இருந்திருந்தால் உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால் ஒரு நோயும் இல்லாமல் இருக்கிறவர்களிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் அதே எழுத்து இருக்கிறது. அவர்கள் பாட்டுக்கு வயலுக்கும் கடைக்கும் போய்வருகிறார்கள்."

சற்று யோசித்துவிட்டு, "அந்த நோயே இப்போ கொறைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே?" என்றாள்.

"ஆமாம். 1990-களோடு ஒப்பிட்டால் பிற்பாடு சென்னையில் வெகுவாகக் குறைந்திருக்கிறது."

"இருபது வருசத்துலே யாரோட எழுத்தும் மாறாதே மாமா?"

நான் இரண்டு மாதம் படித்து வந்து சேர்ந்த இடத்துக்கு அவள் ஒரே கேள்வியில் வந்துவிட்டாள். ஒரு தலைமுறைக்குள் ஜனங்களின் எழுத்து மாறுவதில்லை. மாறியது சாப்பாடோ, தண்ணீரோ, வேறு எதுவோ. எழுத்து அப்படியே இருக்க, நோய் குறைந்திருக்கிறது. தலையெழுத்து என்ற தீர்ப்புக்கு இதைவிட நல்ல அப்பீல் எனக்குத் தெரியாது.

ஆனால் அவளுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கவும் நான் விரும்பவில்லை. கணையப் புற்றுநோய் வந்தவர்களில், அமெரிக்கக் கணக்குப்படியே, ஐந்து வருஷம் பிழைத்திருப்பவர்கள் நூற்றுக்குப் பதின்மூன்று பேர்தான். விழுந்த புள்ளியை அழிக்கிற மருந்து இருக்கிறது. அஸாஸிடிடின் என்ற அந்த மருந்தை ஓர் இரத்த நோய்க்கு 2004-ல் அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்தது. கணையத்துக் கட்டியில் அதற்கு அந்த வெற்றி கிட்டவில்லை. புள்ளியை அழிக்கிற கை, அழிக்கக் கூடாத புள்ளியையும் சேர்த்து அழித்துவிடக் கூடும் என்பது ஒரு சங்கடம். இரத்தத்தில் மிதந்து வருகிற டி.என்.ஏ. துணுக்குகளில் உள்ள புள்ளிகளைப் படித்து, நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முயன்று வருகிறார்கள். அதற்கு அவகாசம் இருக்கிறது என்பதுதான் ஆறுதல். முதல் எழுத்துப் பிழை விழுந்து, கட்டிக்கு மூலமான செல் பிறக்கப் பத்து வருஷத்துக்குக் குறையாது. அது பரவும் சக்தி பெற இன்னும் ஐந்து வருஷமாவது ஆகும் என்று 2010-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். பதினைந்து வருஷம் வீட்டுக்குள் இருக்கிற திருடனைப் பிடிக்க முடியாமலா போகும்?

"தகப்பனாருக்கு வந்திருப்பதால் உனக்கு அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம்தான். அதை மறைக்க மாட்டேன்" என்றேன். "அதனால் ஒரு தடவை திருநெல்வேலியில் நல்ல டாக்டரைப் பார். கணையத்தில் கல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கட்டும். வருஷம் ஒரு தடவை சர்க்கரையைப் பார்த்துக்கொள். ஐம்பது வயதுக்கு மேல், காரணமில்லாமல் புதிதாகச் சர்க்கரை வந்து உடம்பும் மெலிந்தால் அலட்சியமாக இருக்காதே. வீட்டில் பீடி சிகரெட் புகை வேண்டாம். புகை இந்த நோயின் அபாயத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. எழுத்தின் மேல் புள்ளிகளையும் மாற்றுகிறது. விட்டுவிட்டால் அவற்றில் பல மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன."

"அப்போ அப்பா பீடி குடிச்சதாலேதான்னு ஊர்ல சொன்னது நெசந்தானா?"

"ஒன்பது வயசிலே பீடி குடித்தாரா?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் பீடி குடித்தது வாஸ்தவம். வலிக்கிறபோது இழுத்தால் கொஞ்சம் மறக்கும் என்பார். அது நல்லது செய்திருக்காது. ஆனால் பல புள்ளிகள் விழுந்த ஏட்டில் ஒரு புள்ளியைச் சுட்டிக்காட்டி, இதுதான் முழுக் கதையும் என்று சொல்வது நியாயமல்ல. அப்படிச் சொல்வதில் சொல்லுகிறவனுக்குத்தான் சௌகரியம்: நான் குடிக்கவில்லை, எனக்கு வராது என்று நிம்மதியாகத் தூங்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான், சோம்பேறித்தனம் என்ற ஒரே வார்த்தையில் ஒரு மனிதனைப் படித்து முடித்துவிட்டேன். புள்ளியைத் தப்பாக வைத்துப் படித்துவிட்டு, ஏட்டைப் பார்த்துச் சிரித்தேன்.

சித்திரையில் மருமகள் டெலிபோனில் கூப்பிட்டாள். படம் எடுத்தார்களாம். கல் இல்லை. சர்க்கரையும் சரியாக இருக்கிறதாம். "அடுத்த வருசமும் பாத்துக்கிடுதேன் மாமா" என்றாள். குரலில் அத்தானின் சிரிப்புக் கொஞ்சம் இருந்தது. அந்த எழுத்து வந்திருக்கிறது, வரட்டும்.

"இந்தக் கதையை இனிமேல் எந்தத் தொகுதியிலும் சேர்க்கப் போவதில்லை தாயி" என்று அவளிடம் சொன்னேன்.

"ஏன் மாமா? அப்பா படிச்சிட்டுச் சிரிச்சாரே. இருக்கட்டும்" என்றாள்.

அவளுக்குப் பெரிய மனசு. கதை இருக்கட்டும். 1979-ல் அச்சான எழுத்துக்களை இனி நான் மாற்ற முடியாது. அதைப் படிக்கிறவர்கள் இந்தக் கட்டுரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை. அத்தான் சொல்லிக்கொடுத்த புள்ளியை, கொஞ்சம் தாமதமாக, சரியான இடத்தில் வைக்கிறேன்.